கண் மூடிய பக்கம்

டொம்… டொம்… டொம்…

கேட்கிறதா அண்ணாச்சி? பலகைக்கு அடியில் இருந்து வருகிறது பாருங்கள், அதுதான் உங்கள் ஐஸ். நன்றாக உறைந்த கட்டி இப்படிப் பேசாது. தட்டினால் ‘டிக்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளும். இது வயிற்றில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிறது. கண்ணால் பார்த்தால் தெரியாது. இதோ, பலகையைத் தூக்குகிறேன். மேலே கண்ணாடி மாதிரி இருக்கிறதா? ஏமாற்று வேலை. நடுவில் ஒரு கை நுழைகிற அளவுக்குத் தண்ணீர் நிற்கும். இதை இப்போது எடுத்துக் கொடுத்தால் உங்கள் வண்டி நாகர்கோவில் போய்ச் சேருவதற்குள் உருகிப்போய், சீலா மீனெல்லாம் கூழாகிவிடும். அப்புறம் தூத்துக்குடி ஐஸ் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லுவீர்கள். காலையில் இருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தால் நான் என்ன செய்ய? வாயால் ஊதியா உறைய வைக்க முடியும்?

உட்காருங்கள். அந்த ஸ்டூலில் வேண்டாம், அதற்கு ஒரு கால் பொய். இந்தக் காலி ஐஸ் கேனைக் கவிழ்த்துப் போட்டு, மேலே சாக்கை விரித்து உட்காருங்கள்.

ஐயோ, அந்தப் பெட்டிமேல் சாயாதீர்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது. துண்டு போர்த்தியிருப்பதால் என்னவோ டூல்ஸ் பெட்டி என்று நினைத்துவிட்டீர்கள். அது பாட்டுப் பெட்டி. ரிக்கார்ட் பிளேயர். ஐஸ் ஃபாக்டரியில் அதற்கு என்ன வேலை என்றுதானே பார்க்கிறீர்கள்? எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். பஸ்ஸில் கண்டக்டர்கூட, ‘பெரியவரே, உள்ளே பாம்பு கீம்பு இல்லையே’ என்று கேட்டான். பெரியவராம். எனக்கு ஐம்பதைத் தாண்டி என்ன ஆகிவிட்டது? நைட் டூட்டி பார்க்கிறவன் முகம் சீக்கிரம் பழசாகிவிடும்.

ஆமாம், நான் நைட் ஆள். ராத்திரி முழுக்க இங்கே நின்றுவிட்டு, காலையில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு, அப்படியே என் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். முதலாளி போன் பண்ணுகிறார். பகல் ஆள் மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டானாம். ‘இன்னாசி, நீதான் பார்த்துக்கணும்’ என்கிறார். வந்து நிற்கிறேன். கண்ணுக்குள் மணல் அரிக்கிறது. எப்படியும் படுத்தாலும் தூக்கம் வரப் போவதில்லை. பகலில் படுத்தால் தெருவில் போகிற ஒவ்வொரு சத்தமும் என் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் எனக்குச் சத்தங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். படித்ததில்லை. பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. காது படித்திருக்கிறது.

காலையில் போன வீடு கஸ்பார் வீடு. கஸ்பார் ரொட்ரிகோ. என் கூட்டாளி. கூட்டாளி என்று சொல்லலாமா என்று தெரியவில்லை, பதினைந்து வருஷத்துக்கு மேல் பேச்சே கிடையாது. இப்போதுதான் திரும்பவும் போய் வந்துகொண்டிருக்கிறேன். தப்பு முழுக்க அவன் பக்கம். நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், நான் ஒன்றும் கூட்டிச் சொல்லப் போவதில்லை.

இந்தப் பெட்டி என்னுடையது. ஒரு கப்பல் ஆபீஸர் உடைந்துபோச்சு என்று தூக்கிப் போட்டதை நான் எடுத்து, பிரித்து, சைக்கிள் டியூபை அறுத்து பெல்ட் பண்ணி, ஓட வைத்தேன். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று இன்றைக்கு வரை பேசாது. தட்டு, அதாவது ரிக்கார்ட், அது கஸ்பாருடையது. பெட்டி என்னிடம், தட்டு அவனிடம். இதை முதலில் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும்.

அப்போது அவன் ஹார்பரில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தான். உப்பு ஏற்ற ஒரு கிரீஸ் தேசத்துக் கப்பல் வந்தது. அதில் சமையல்காரன் ஒருத்தன், தாடிக்காரன். அவனுக்கு நம்ம ஊர் மக்ரூன் ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான் இவன். அதைத் தின்றுவிட்டு அந்த ஆள் அழுதானாம். கஸ்பார் அப்படித்தான் சொல்லுவான், அழுதான் என்று. எனக்கு நம்பிக்கை இல்லை, மக்ரூனுக்கு யாராவது அழுவார்களா? எப்படியோ, பதிலுக்கு இந்தத் தட்டைக் கொடுத்துவிட்டான். ‘இது உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த ரிக்கார்ட். கஞ்சா அடித்துவிட்டுக் கேள்’ என்றானாம். படகில் வரும்போது அலையடித்து அட்டை நனைந்துவிட்டது. மேல் பாதி உரிந்து பெயர் போய்விட்டது. உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த ரிக்கார்டுக்கு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் பெயர் தெரியாது! அட்டையில் மிச்சம் இருந்தது ஒரு பச்சை நிறச் சூரியன். அதற்குக் கீழே கடல் தண்ணீருக்குள் நாற்காலி போட்டு ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். அதனால் பச்சைச் சூரியன் என்றே நாங்கள் பெயர் வைத்துவிட்டோம்.

முதல் தடவை போட்டபோது என் பெட்டி கெட்டுப்போச்சு என்று நினைத்தேன் அண்ணாச்சி. பின்ன என்ன? கிடார் பின்னாலிருந்து முன்னால் வாசிக்கிறது. பாடுகிறவன் கிணற்றுக்குள் உட்கார்ந்து பாடுகிறான். கோயில் ஆர்கனைத் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி ஒரு ராகம். நடுவில் ஒருத்தன் சிரிக்கிறான், எதற்குச் சிரிக்கிறான் என்று தெரியாது. நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன். கஸ்பார் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“லேய், ரிப்பேர் பண்ணாத. அது பாட்டுலே!”

எங்களுக்குக் கஞ்சா எல்லாம் பழக்கம் இல்லை. டீயும் முறுக்கும்தான். ராத்திரி முழுக்கத் தூங்காதவனுக்குக் கஞ்சா எதற்கு சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, என் வீட்டில் சன்னலைச் சாத்திக்கொண்டு போடுவோம். என் வீட்டுக்காரி செலின் முற்றத்தில் மீன் அலசிக்கொண்டே, “பேய் ஓட்டுதியளா, பேய் பிடிக்கியளா? ஒண்ணு சொல்லிட்டுச் செய்யுங்க” என்பாள். பக்கத்து வீட்டில் இருக்கிற கோயில் உபதேசியார் வந்து, வீட்டை மந்திரிக்கணுமா என்று விசாரித்துவிட்டுப் போனார். நிஜமாகவே கேட்டார், கேலி இல்லை.

ஆனால் கேட்கக் கேட்க அது திறந்துகொண்டே போனது. ஒரு இடம் இருக்கிறது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கிறபோது, டிரம் அடிக்கிறவன் ஒரு வழியில் போகிறான், கிடார்காரன் ஒரு வழியில் போகிறான், ஆர்கன் எங்கேயோ போய்விடுகிறது. ஒருத்தரை ஒருத்தர் தொலைத்துவிட்டார்கள் என்று நமக்கே பயமாக இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த மாதிரி. அப்புறம் எங்கிருந்தோ ஒருத்தன் இரண்டு தட்டுத் தட்டுகிறான். இன்னொருத்தன் அதைக் கேட்டுவிட்டான். மூன்றாமவன் ஓடி வருகிறான். எல்லாரும் ஒரே இடத்தில் வந்து விழுவார்கள் பாருங்கள், அந்த இடத்தில் கஸ்பார் ஒவ்வொரு தடவையும் என் தொடையில் அடிப்பான். எனக்கு இன்னமும் வலிக்கிறது. அன்றைக்கு டூட்டிக்கு வந்து நின்றால் இந்தக் கம்ப்ரஸர் வேறு மாதிரி கேட்டது. இதற்குள்ளும் ஒருத்தன் தொலைகிறான், ஒருத்தன் தேடுகிறான். நீங்கள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். சரி, உங்களுக்கு மீன் கவலை.

சண்டைக்கு வருகிறேன். தட்டின் நடுவில் வட்டமாகக் காகிதம் ஒட்டியிருக்கும் இல்லையா, அதில் முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று போட்டிருப்பான். இதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. ஒரு பக்கம் திறந்த கண் வரைந்திருக்கிறது. மறு பக்கம் மூடிய கண். அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லுங்கள், எது முதல் பக்கம்?

திறந்த கண்ணா? கஸ்பாரும் அதைத்தான் சொன்னான். ‘தெறந்திருக்கவந்தான் மூட முடியும்.’ நான் சொன்னேன், மூடியிருந்தால்தான் திறக்க முடியும். வாய்ச் சண்டை என்று நினைக்காதீர்கள். கேட்டுப் பார்த்தால் விஷயம் தெரியும். மூடிய கண் பக்கம் முடியும்போது ஒரே ஒரு ஆர்கன் சத்தம் நீளமாக நிற்கும். மெல்ல மெல்லத் தேயும். எங்கே முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக் கேட்டிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. திறந்த கண் பக்கம் முடியும்போது மணலில் யாரோ நடந்து வருகிற சத்தம். கிட்டே, கிட்டே, இன்னும் கிட்டே. நம் வாசலுக்கு வந்து நிற்கும். கதவு தட்டாது. நிற்கும். அப்படியென்றால் எது கடைசி? ஆள் வந்து சேருவதுதானே கடைசி? வந்து சேர்ந்த பிறகு எவனாவது தேய்ந்து காணாமல் போவானா? இது சின்னப் பிள்ளைக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. பாடுகிறவன் ‘ஸீ, ஸீ’ என்று ஒரு இடத்தில் இழுப்பான். கடல் என்றேன் நான். அட்டையிலேயே கடல் போட்டிருக்கிறான். நான் அகராதி வாங்கி வைத்து, நைட் டூட்டியில் ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்து இங்கிலீஷ் படித்தவன். கஸ்பார் சொன்னான், “கடல் இல்லலே, பாரு. பாரு, பாருன்னு கூப்புடுதான். அதுக்குத்தான் கண்ணு.” கப்பலில் ஏறி உலகத்தைப் பார்க்கப் போகிறவன் புத்தி அப்படித்தானே போகும். ஆமாம், அதற்குள் அவன் வின்ச்சை விட்டுவிட்டுக் கப்பலுக்கு எழுதிப் போட்டிருந்தான். வேலையும் கிடைத்துவிட்டது. போவான், லீவுக்கு வருவான், தட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவான், போடுவோம், சண்டை போடுவோம், போய்விடுவான். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

இருங்கள், மீட்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பரவாயில்லை, சூடு இறங்குகிறது. எங்கே விட்டேன்? ஆங், சண்டை. அவன் மகளுக்குக் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த அன்றைக்கு வீடு நிறைய ஆள். சாப்பாடு முடிந்ததும், ‘பெட்டியக் கொண்டாலே’ என்றான். நான் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். எல்லார் முன்னாலேயும் திறந்த கண்ணைப் போடுகிறான். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போடுகிறான். போட்டுவிட்டுச் சொல்கிறான், “எல்லாரும் கேளுங்க. கடைசியில ஆளு காணாமப் போயிருவான். நானும் அடுத்த வாரம் அப்படித்தான். இந்தத் தடவ ரெண்டு வருசம் காண்ட்ராக்ட்.” கூட்டம் சிரிக்கிறது. எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும், இரண்டு வருஷம் என்று. அதனால் எனக்கு ஒன்றும் இல்லை. பாட்டைத் தப்பாகப் போடுகிறானே என்றுதான் ஆத்திரம். ஊசியைத் தூக்கினேன். அவன் மேசையை ஆட்டினான். கர்ர்ரென்று ஒரு கீறல்.

ஊசியைத் தூக்கியது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் மேசையை ஆட்டாமல் இருந்திருந்தால் கீறல் விழுந்திருக்காது. இதில் என் தப்பு எங்கே இருக்கிறது?

“ஐஸுக்குள்ளேயே நின்னு நின்னு ஒனக்கு மூளையும் ஒறைஞ்சு போச்சுலே. எல்லாம் திரும்பி வந்துக்கிட்டே இருக்கணும் ஒனக்கு” என்றான்.

“ஒனக்கு எல்லாம் போய்க்கிட்டே இருக்கணும்” என்றேன்.

பாட்டைப் பற்றித்தான் பேச்சு அண்ணாச்சி. வேறு ஒன்றும் இல்லை. பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தட்டு அவன் வீட்டிலேயே நின்றுவிட்டது.

அதோடு சரி. லீவுக்கு வருவான், தெருவில் பார்ப்பேன். அவன் அந்தப் பக்கம் பார்ப்பான், நான் இந்தப் பக்கம். பூசையில் ‘ஒருவருக்கொருவர் சமாதானம் பகிர்ந்துகொள்ளுங்கள்’ என்று சாமியார் சொல்லும்போது நான் தூணைப் பார்த்துக் கும்பிடுவேன். அந்தத் தூணோடு எனக்கு நல்ல சமாதானம். என் மகள் ஒருநாள் போனை நீட்டி, “அப்பா, அந்தப் பாட்டு எப்படி இருக்கும்னு சொல்லுங்க, பேரக் கண்டுபிடிச்சுத் தாரேன், எது முதல் பக்கம்னும் வந்துரும்” என்றாள். போனில் பக்கம் ஏது? திருப்பிப் போடக் கை வேண்டாமா? வேண்டாம் என்றுவிட்டேன்.

போன மாசம் கஸ்பார் பெண்சாதி பிலோமி இங்கே வந்தாள். இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் நின்றாள். குளிரில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு.

“அண்ணே, ஒங்க கூட்டாளிக்கு முடியல. டாக்டருமாரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாவ.”

நான் கேனைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“அந்தப் பச்சச் சூரியன ஒருக்கா கேக்கணும்ங்காவ.”

“கேக்கட்டும். யாரு வேண்டாங்கா?”

“பெட்டி ஒங்ககிட்டல்லா இருக்கு.”

“கப்பல்காரருக்கு சிங்கப்பூர்ல பெட்டி கெடைக்கலியாக்கும்?”

“நானும் கேட்டேன் அண்ணே, இத்தன வருசமும். பெட்டி இருக்க எடத்துல இருக்கு, இன்னொண்ணு எதுக்குன்னுதான் சொல்லுவாவ.”

பாருங்கள், எவ்வளவு கஞ்சன்! உலகமெல்லாம் சுற்றியவன், ஒரு பெட்டி வாங்க மனசு வரவில்லை.

போனேன். மனுஷத் தன்மை என்று ஒன்று இருக்கிறது இல்லையா. கட்டிலில் கிடந்தான். அந்தப் பெரிய உடம்பு எங்கே போனது என்று தெரியவில்லை. வேட்டிக்குள் கால் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. முகம் மட்டும் அதே திமிர்.

“வந்துட்டியாலே” என்றான், நேற்றுப் போனவனைக் கேட்கிற மாதிரி.

“வந்துட்டேன்.”

“ஊசி மாத்துனியா? பழைய ஊசின்னா கீறிரும்.”

“முன்ன கீறுனது யாரு?”

கொஞ்சம் யோசித்தான். “மேசை” என்றான்.

“ம். மேசதான்.”

பிலோமி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சிரித்தாளா என்னவோ.

தட்டை மெத்தைக்கு அடியில் துணி சுற்றி வைத்திருந்தான். எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மரியாதைக்குக் கேட்டேன், எந்தப் பக்கம் என்று. சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டேன். பஸ்ஸில் வரும்போதே என்னென்ன சொல்ல வேண்டும் என்று அடுக்கி வைத்திருந்தேன். அவன் சொல்கிறான், “மூடுன கண்ணப் போடு. நீ சொன்னதுதான்லே சரி.”

ஊசியைத் தூக்கப் போனவன் நிமிர்ந்தேன்.

“யாரு சொன்னா?”

“ராட்டர்டாம்ல ஒரு கடையில பாத்தேன். இதே தட்டப் புதுசா அடிச்சு வச்சிருந்தான். அட்டையில நம்பர் போட்ருந்துச்சு.”

“எப்போ?”

“புதுநன்மைக்கு மறு வருசம்.”

“சொல்லலியே நீ?”

“நீதான் பேசலியே.”

நான் பேசவில்லையாம்! கேட்டீர்களா நியாயத்தை? சரி, அது கிடக்கட்டும். எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. இவன் பொய் சொல்கிறான். ஏன் என்றால், கைக்கடிகாரத்தை மருமகனுக்குக் கொடுத்துவிட்டான் என்று பிலோமி சொல்லியிருந்தாள். பைனாக்குலரை மச்சினனுக்கு. குளிர் கோட்டை உபதேசியார் மகனுக்கு, இந்த வெயிலூரில் அவன் அதை எப்போது போடுவானோ. அந்த வரிசையில் எனக்கு இதைக் கொடுக்கிறான். இன்னாசிக்கு எதைக் கொடுக்கலாம் என்று யோசித்து, இதைக் கண்டுபிடித்திருக்கிறான். யாருக்கு வேண்டும் இவன் பிச்சை? சண்டையில் ஜெயிப்பது வேறு, கட்டிலில் கிடக்கிறவன் தூக்கிக் கொடுப்பது வேறு.

“முடியாது” என்று திறந்த கண்ணைப் போட்டேன்.

“லேய், அது ரெண்டாம் பக்கம்.”

“இதான் மொதப் பக்கம். நீதான சொன்ன?”

“நான் சொன்னது தப்பு.”

“ஒண்ணும் தப்பில்ல. கெட.”

கீறல் விழுந்த இடம் வந்தது. ஊசி மாட்டிக்கொண்டது. ‘ஸீ… ஸீ… ஸீ… ஸீ…’ நிற்கவே மாட்டேன் என்கிறது. கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டே, “கடல்” என்றான். “பார்” என்றேன் நான். “கடல்லே.” “பாருதாம்லே.” அது பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் தள்ளிவிடவில்லை. கடைசியில் பிலோமி வந்து, “காது வலிக்கு, ரெண்டு பேருக்கும் கூறு இருக்கா” என்று திட்டியபிறகுதான் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினேன்.

மணலில் நடந்து வந்தவன் வாசலில் நின்றான். அதோடு பெட்டியை மூடிவிட்டேன். இன்றைக்கு இது போதும், மறு பக்கம் நாளைக்கு என்றேன்.

அன்றிலிருந்து அப்படித்தான். ஒருநாள் ஒரு பக்கம். காலையில் இங்கே டூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். இன்றைக்குத் திறந்த கண், நாளைக்கு மூடிய கண், மறுநாள் திறந்த கண். இப்படிப் போனால் எது முதல், எது கடைசி? கேள்வியே செத்துப்போய்விட்டது பாருங்கள். எனக்கு அந்த யோசனை எப்படித்தான் தோன்றியதோ. தட்டு ஓடும்போது நான் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்துக்கொள்வேன். ஒரு விஷயம் சொல்கிறேன், செலினிடம் சொன்னால்கூட நம்ப மாட்டேன் என்கிறாள்: அந்தத் தரையில் எனக்குத் தூக்கம் வருகிறது. அடித்துப் போட்ட மாதிரி. எல்லாரும் ஒரே இடத்தில் வந்து விழுகிற அந்த இடம் வரும்போது மட்டும் மேலே இருந்து ஒரு கை தொங்கும். என் தோளில் தட்டும். பலம் கிடையாது, ஈ உட்கார்ந்த மாதிரி. விழித்துக்கொண்டு, ‘ம்’ என்பேன். அப்புறம் தூங்கிவிடுவேன். பிலோமி கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு எழுப்புவாள்.

“பெட்டிய இங்கேயே வச்சுட்டுப் போங்களேன் அண்ணே. தெனமும் சொமக்கணுமா?” என்பாள்.

வைக்க மாட்டேன். வைத்தால் என்ன செய்வான்? நான் இந்தப் பக்கம் திரும்பியதும் இரண்டு பக்கத்தையும் போட்டுக் கேட்டுவிடுவான். அவனை எனக்குத் தெரியும், சின்ன வயசிலிருந்தே அவசரக்காரன். ஒரு பக்கம் பாக்கி இருக்கிறபோது எவனாவது பாதியில் எழுந்து போவானா? தியேட்டரில்கூட இடைவேளையில் போகிறவன் திரும்பி வருவான் இல்லையா? அதற்காகத்தான் தூக்கி வந்துவிடுகிறேன். வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

இன்றைக்குக் காலையில் திறந்த கண். ஓடி முடிந்தது. பெட்டியை மூடப் போகிறேன், “திருப்பிப் போடுலே” என்கிறான்.

சத்தமே இல்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்தது.

“நாளைக்கு” என்றேன்.

“இப்பம் போடு.”

பார்த்தீர்களா? திறந்த கண், அதற்குப் பின்னால் மூடிய கண். பழைய கட்சிக்கே போய்விட்டான்! ராட்டர்டாமாவது, நம்பராவது. எல்லாம் புளுகு. பிடித்துவிட்டேன் அவனை. எனக்கு ஒரே சந்தோஷம். “மாட்டுனியாலே” என்றேன். “ஒன் கணக்குப்படி முழுசாக் கேக்கப் பாக்குறியோ? நடக்காது. நாளைக்கு வாரேன், நாளைக்குத்தான் மறு பக்கம்.”

என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தான். கோபமும் இல்லை ஒன்றும் இல்லை. அப்புறம், “நீ வருவ” என்றான். “எனக்குத் தெரியும். நீ வருவ.”

அவ்வளவு நம்பிக்கை என்மேல். நான் வராமல் இருப்பேனா? பிலோமி வாசல் வரைக்கும் வந்தாள். பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் வந்துவிட்டது.

நீங்கள் என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? போட்டிருக்கலாம் என்கிறீர்களா? நீங்களும் அவன் கட்சிதான், முதலிலேயே திறந்த கண் என்று சொன்னவர்தானே. உங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி. அந்தக் கடைசிச் சத்தம் தேய்ந்து போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

இருங்கள். போன்.

ஹலோ… ஆங், பிலோமி… சத்தமாப் பேசு தாயி, மிஷின் ஓடுது… என்னது?… ஆங்… இருக்கு, இங்கதான் இருக்கு, பத்திரமா இருக்கு… ஏன்?… ம்… ம்… சரி… சரி தாயி.

பிலோமிதான். மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பேசுகிறாள், சளி பிடித்திருக்கும்போல. ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. கம்ப்ரஸர் சத்தத்தில் யாருக்கு என்ன கேட்கும்? ‘நீங்க வாங்கண்ணே, பெட்டி வேண்டாம்’ என்கிறாள். இரண்டு தடவை சொன்னாள். பெட்டி வேண்டாமாம். காலையில் போடவில்லை என்று கோபித்துக்கொண்டான், தெரிகிறதா? அதுதான் பெண்சாதியை விட்டுப் பேசச் சொல்லியிருக்கிறான். பெட்டி இல்லாமல் வா என்றால், பெட்டி இல்லாமல் அங்கே எனக்கு என்ன வேலை? சொல்லுங்கள். வெறுங்கையோடு போய் நான் அங்கே என்ன செய்ய?

அண்ணாச்சி, என் கையை விடுங்கள். எனக்கு ஒன்றும் இல்லை. முகத்தில் இருப்பது உப்புத் தண்ணீர், கேன் நிற்கிற தொட்டியில் இருந்து தெறித்தது.

நீங்கள் எழுந்திருங்கள், அந்தச் சாக்கைக் கொடுங்கள். நடுவில் தண்ணீர் நின்றால் நிற்கட்டும், இருப்பதை எடுத்துவிடுவோம். தள்ளி நில்லுங்கள், இந்தச் சங்கிலியை இழுக்க வேண்டும். கொக்கியை மாட்டி, கேனைத் தூக்கி, அந்த நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஒரு முக்கு முக்கினால்தான் கட்டி கழன்று வரும். முதலில் உங்கள் வண்டிக்காரனைக் கூப்பிட்டுப் பின்பக்கம் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். நான் ஒவ்வொன்றாகத் தள்ளி விடுகிறேன்.